வண்டிக் கூரையில் எந்தச் சின்னம்? போர்ப் பகுதிக்குப் போகும் நிவாரணக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரிலிருந்து போர் நடக்கும் நாட்டுக்கு உதவி கொண்டுபோகும் சிறிய குழுக்கள் நிதி, பொருள், பயணச் சீட்டு, உள்ளூர்ப் பங்காளி என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் சின்னத்தைப் பற்றி யோசிக்கின்றன. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் டி-சட்டை அச்சடிக்கக் கொடுக்கும் நேரத்தில், "முதுகில் ஒரு சிவப்புச் சிலுவையும் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார். முதலுதவிப் பெட்டியில் பார்த்துப் பழகிய படம், நல்ல எண்ணம், தப்பான யோசனை. முதலுதவிக்கு உரியது பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது போர்ச் சட்டத்தின் முத்திரை.

எந்தச் சின்னம் என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. அதைப் பயன்படுத்த யார் அனுமதி தருவார்? அதை யார் பார்க்கப்போகிறார்? எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தக் கருவி வழியாகப் பார்ப்பார்? சோதனைச்சாவடியில் நிற்கும் இளைஞனுக்கும் 3 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஆளில்லா வானூர்தியின் வெப்பக் கேமராவுக்கும் ஒரே ஸ்டிக்கர் வேலை செய்யாது. கீழே பேசுவதெல்லாம் ஒரு நடுத்தரக் குழுவை மனத்தில் வைத்து: பத்துப் பன்னிரண்டு தொண்டூழியர், மூன்று வாடகை வண்டி, ஒரு கிடங்கு, அரிசியும் தார்ப்பாயும் கொஞ்சம் மருந்தும்.

செஞ்சிலுவை, செம்பிறை, செம்படிகம்

1864 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் பிறந்தது செஞ்சிலுவை. 1870களில் ரஷ்யாவுடன் நடந்த போரின்போது ஒட்டோமான் பேரரசு செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1929இல் அதுவும், பாரசீகத்தின் செஞ்சிங்கமும் சூரியனும் ஏற்கப்பட்டன. ஈரான் 1980இல் சிங்கத்தைக் கைவிட்டுவிட்டது. 2005 டிசம்பர் 8ஆம் தேதி ஏற்கப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகளின் மூன்றாவது கூடுதல் நெறிமுறை, முனை மேலே பார்த்து நிற்கும் சிவப்புச் சதுரச் சட்டகமான செம்படிகத்தைச் சேர்த்தது. மூன்றுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. "சிலுவை கிறிஸ்துவம், பிறை இஸ்லாம், அதனால் பொதுவாகப் படிகத்தைப் போடலாம்" என்று சில குழுக்கள் நினைக்கின்றன. படிகமும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சோதனைச்சாவடியில் அதை அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தச் சின்னத்துக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு. இதைக் கலப்பதில்தான் பாதிக் குழப்பம். ஒன்று பாதுகாப்புப் பயன்பாடு: "இது மருத்துவப் பணி, சுடாதே" என்று போரிடுபவருக்குச் சொல்வது. அதைப் பெரிதாக, கூரையிலும் கைப்பட்டையிலும் போடலாம். மற்றது அடையாளப் பயன்பாடு: "இவர் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்தவர்" என்று மட்டும் சொல்வது. 1949இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவதின் 44ஆம் விதி, இந்த இரண்டாவது வகை சிறியதாக இருக்க வேண்டும், கைப்பட்டையிலோ கட்டடக் கூரையிலோ வரக்கூடாது என்கிறது. ஆக, ஒரு செஞ்சிலுவைச் சங்க ஊழியரே அரிசி விநியோகிக்கப் போகும்போது பெரிய சின்னம் அணிய உரிமையில்லை. பாதுகாப்புச் சின்னம் மருத்துவப் பணிக்கும், ஜெனீவாவிலுள்ள அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு, சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு ஆகிய இரண்டுக்கும்தான். அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோகும் குழுவுக்கு இந்தக் கதவே இல்லை.

மருத்துவக் குழுவாக இருந்தால் வழிகள் உண்டு. மூன்று சொல்லலாம். பினாங்கு லேனில் இருக்கும் சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் போவது முதலாவது. போகும் நாட்டின் அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குள் அதன் ஊழியராகப் பணியாற்றுவது இரண்டாவது. நான்காம் உடன்படிக்கையின் 18, 20 விதிகளின்படி, அரசு அனுமதித்த பொது மருத்துவமனை சின்னம் போடலாம், அதன் ஊழியர் முத்திரையிட்ட கைப்பட்டை அணியலாம். மூன்றாவதைப் பலரும் அறிவதில்லை. முதல் உடன்படிக்கையின் 27ஆம் விதி, நடுநிலை நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட உதவிச் சங்கம், தன் அரசின் முன்சம்மதத்தோடும் போரிடும் தரப்பின் அனுமதியோடும், அந்தத் தரப்பின் கட்டுப்பாட்டில் மருத்துவப் பணி செய்ய இடம் தருகிறது. இதற்கு வெளியுறவு அமைச்சில் தொடங்க வேண்டும். சில வாரங்களில் நடக்கிற காரியமில்லை. "அந்தத் தரப்பின் கட்டுப்பாட்டில்" என்ற சொற்களையும் குழு இரண்டு முறை படிக்க வேண்டும். எதிர்த்தரப்பும் அதைப் படிக்கும்.

உரிமை கிடைத்தால் அதோடு கடமையும் வரும். கைப்பட்டை இடது கையில், நீர் புகாத துணியில், அதிகாரிகள் வழங்கி முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். கூடவே பையில் அடங்கும், நீர் புகாத அடையாள அட்டை வேண்டும். முத்திரை இல்லாத கைப்பட்டை வெறும் துணி, அட்டை இல்லாத முத்திரை சந்தேகம். சிலுவைக்குள்ளோ அதன் வெள்ளைத் தளத்திலோ அமைப்பின் பெயரையோ நன்கொடையாளரின் முத்திரையையோ சேர்க்கக்கூடாது.

அனுமதியில்லாமல் பயன்படுத்தினால்? சிங்கப்பூர் 1973இல் ஜெனீவா உடன்படிக்கைகளில் சேர்ந்தது. அதே ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதை இங்கேயே, உள்நாட்டிலேயே, குற்றமாக்குகிறது. முதல் உடன்படிக்கையின் 53ஆம் விதி, பார்த்தால் மயங்கவைக்கும் போலி வடிவங்களையும் தடுக்கிறது. சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவையும் அதில் அடங்கும், ஏனென்றால் அது சுவிட்சர்லாந்துக்கு உரியது. "நாங்கள் இளஞ்சிவப்பில் போடுகிறோம்", "ஓரத்தை வளைத்துவிட்டோம்" என்ற கெட்டிக்காரத்தனங்கள் இங்கே செல்லாது.

களத்தில் வரும் விளைவு இன்னும் மோசம். 2008 ஜூலை 2ஆம் தேதி கொலம்பிய ராணுவம் பிணையாளிகளை மீட்க, இல்லாத ஒரு மனிதநேய அமைப்பின் வேடத்தில் ஹெலிகாப்டரில் இறங்கியது. அந்தக் குழுவில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்ததை அதிபர் உரிபே பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒருமுறை இப்படி நடந்தால், அடுத்து வரும் உண்மையான ஆம்புலன்ஸையும் காவலில் நிற்பவர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

சின்னம் வேலை செய்யாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரிலேயே, 1942 பிப்ரவரி 14ஆம் தேதி, செஞ்சிலுவை தெரியும்படி இருந்த அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் ஜப்பானியப் படை புகுந்தது. வெள்ளைக் கொடியோடு எதிரே வந்த அதிகாரியைக் குத்திக் கொன்றது. பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படையினர் மருத்துவமனை வளாகத்திலிருந்து சுட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 1996 டிசம்பர் 17ஆம் தேதி செச்சினியாவின் நோவியே அட்டகியில், செஞ்சிலுவைக் குழுவின் மருத்துவமனையில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அருகில் வந்து சுட்டவர்களுக்குச் சின்னம் நன்றாகவே தெரிந்திருந்தது. 2025 மார்ச் 23ஆம் தேதி காஸாவின் ராஃபாவில் கொல்லப்பட்ட 15 பேரில் எட்டுப் பேர் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தினர், ஆறு பேர் குடிமைத் தற்காப்பு ஊழியர், ஒருவர் ஐநா ஊழியர். விளக்கு எரிய, சின்னத்தோடு வண்டிகள் சென்றதை ஒரு மருத்துவ உதவியாளரின் கைபேசிக் காணொளி காட்டியது. மறுபக்கம், 1990இல் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் முன் செஞ்சிலுவைக் குழு இரு தரப்பிடமும் பேசி ஒப்புதல் வாங்கியது. கொடி பறந்தது அந்தப் பேச்சின் மேல்.

அமைப்பின் சொந்தச் சின்னம்

மருத்துவம் சாராத சிறு குழுவுக்கு நடைமுறையில் எஞ்சுவது இதுதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற பெரிய அமைப்புகளே தங்கள் சொந்தச் சின்னத்தோடுதான் இயங்குகின்றன. போர்ச் சட்டத்தில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. நீங்கள் பொதுமக்கள், உங்கள் பொருள் பொதுமக்களின் பொருள், உங்களைக் குறிவைப்பது சட்டவிரோதம். சின்னம் அந்த நிலையைக் காட்டுகிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது வசதி. யாருக்கும் உங்களைத் தெரியாது என்பது குறை. தோ பாயோவில் எல்லாருக்கும் தெரிந்த சின்னம், போகும் ஊரில் ஒரு வண்ணப் பொட்டு மட்டுமே.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை சில. போரிடும் எந்தத் தரப்பின் கொடி நிறங்களும் சேர்ந்து வரக்கூடாது. காக்கி, ஒலிவப் பச்சை, கருநீலம் வேண்டாம், அவை சீருடை நிறங்கள். கைகளும் இதயமும் புறாவும் பின்னிப் பிணைந்த சின்னங்கள் கடிதத்தாளில் அழகு; 200 மீட்டரில் அவை கறை. ஒரே திண்மையான வடிவம், இரண்டு நிறம், பக்கத்தில் அந்த நாட்டு எழுத்தில் பெயர்.

அந்த எழுத்து தனிக் கதை. தமிழ் எழுத்துகள் உடைந்து சிதறிய அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. பர்மிய எழுத்தில் யூனிகோடு, ஸவ்ஜி என்று இரு குறியீட்டு முறைகள் புழக்கத்தில் இருந்ததால், ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் குப்பையாகும். அரபு எழுத்தைச் சில வடிவமைப்பு மென்பொருள்கள் துண்டு துண்டாக, இடமிருந்து வலமாக மாற்றிப்போடும். கடைக்குத் தட்டச்சுக் கோப்பைக் கொடுக்காமல், எழுத்தை வரைகோடாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அச்சுக்கு முன் அந்த மொழி தெரிந்தவர் மாதிரித் தாளைப் படித்துக் கையெழுத்திடட்டும்.

எவ்வளவு பெரிது?

நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய அளவு, 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். ஒரு வடிவத்தை "இது இன்னது" என்று சொல்ல, அதன் குறுக்கே இப்படி ஐந்து கூறுகளாவது வேண்டும். கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளும் அதே கணக்கில்தான் வரையப்படுகின்றன. ஆக 500 மீட்டருக்கு 73 சென்டிமீட்டர், 1 கிலோமீட்டருக்கு 1.45 மீட்டர், 3 கிலோமீட்டருக்கு 4.4 மீட்டர். இது தெளிவான பகலில், அசையாத வண்டியில், தூசியில்லாத காற்றில். காரின் கூரை அகலம் 1.2 மீட்டர் அளவுதான். கூரை முழுக்க ஒட்டினாலும் வெறுங்கண்ணுக்கு 800 மீட்டரைத் தாண்டாது. விமானக் கேமராவின் பெருக்கம் இந்தத் தொலைவை நீட்டும்; ஆனால் அந்தக் கேமரா எந்த ஒளியில் பார்க்கிறது என்பதே அடுத்த சிக்கல்.

2024 ஏப்ரல் 1ஆம் தேதி இரவு காஸாவின் டெய்ர் அல்-பலாவில், வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று வண்டிகள் தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். பயணம் முன்கூட்டியே ஒருங்கிணைக்கப்பட்டிருந்தது. கூரையில் சின்னம் இருந்தது. இரவில் ஆளில்லா வானூர்தியின் கேமராவில் அந்த ஸ்டிக்கர் தெரியவில்லை என்றது இஸ்ரேலிய ராணுவத்தின் விசாரணை. அந்தத் தாக்குதல் நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் இயற்பியல் இதுதான்: வெப்பக் கேமரா நிறத்தைப் பார்ப்பதில்லை, பரப்பு உமிழும் வெப்பத்தைப் பார்க்கிறது. ஒரே தகரத்தின் மேல் ஒட்டிய சிவப்பு வினைலும் வெள்ளை வினைலும் ஒரே வெப்பநிலையில், ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் உமிழும். கேமராவில் கூரை ஒரே சாம்பல் பலகை.

இதற்கு மருந்து உண்டா? அரைகுறையாக உண்டு. பளபளக்கும் வெறும் அலுமினியப் பட்டை தன் வெப்பத்தைக் குறைவாக உமிழ்ந்து, மேலேயுள்ள குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கும், அதனால் வெப்பக் கேமராவில் கறுத்துத் தெரியும். மேகம் மூடினால் வேறுபாடு குறைந்துவிடும், தூசி படிந்தால் போய்விடும், மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பட்டை வாங்கினால் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யாது. ராணுவங்கள் பயன்படுத்தும் வெப்ப அடையாளப் பலகைகள் இதே தத்துவத்தில் இயங்குபவை. அவற்றை வாங்கிப் பெட்டியில் போடுமுன், ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டா என்று சிங்கப்பூர்ச் சுங்கத்துறையிடம் கேளுங்கள். போய்ச் சேரும் நாட்டில் அது "ராணுவப் பொருள்" என்று உங்கள் கழுத்தையே சுற்றக்கூடும்.

வெப்பக் கேமராவும் இரவுநோக்கியும் ஒன்றல்ல. இரவுநோக்கி பயன்படுத்தும் அண்மை அகச்சிவப்பு ஒளியில் சிவப்பு மை வெள்ளையைப் போலவே வெளுத்துத் தெரியும். 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையின் இணைப்பு, சிவப்புப் பகுதிக்கு அடியில் கறுப்பு அடிப்பூச்சு பூசலாம் என்று சொல்வது இதனால்தான். அது செஞ்சிலுவைக்கு எழுதிய விதி என்றாலும், வண்ணப்பூச்சால் வரையும் எந்தச் சின்னத்துக்கும் பொருந்தும். சாலைப் பணியாளர் உடையில் இருக்கும் ஒளி திருப்பும் பட்டை, விளக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே ஒளியைத் திருப்பி அனுப்பும். சோதனைச்சாவடியின் டார்ச்சுக்கு அருமை. விளக்கில்லாமல் பறப்பதற்குப் பயனில்லை.

இந்தக் கணக்கெல்லாம் போட்டபிறகு வரும் முடிவு எளிது: இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

சீக்கிரம் தள்ளிவிடக்கூடியவை

ஐநா சின்னமும் நீல நிறமும். 1946 டிசம்பர் 7ஆம் தேதிய பொதுச்சபைத் தீர்மானம் முதலே அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. ஐநாவின் பொருளை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தம் இருந்தாலும், எழுத்துவழி அனுமதி இல்லாமல் கொடியைக் கட்டக்கூடாது. அது எப்போதும் கேடயமாக இருப்பதும் இல்லை. 2003 ஆகஸ்ட் 19ஆம் தேதி பாக்தாத்தின் கனால் ஹோட்டலில் 22 பேர் இறந்தது, அங்கே ஐநா இருந்ததால்தான்.

வெள்ளைக் கொடி. 1907 ஹேக் விதிமுறைகளின் 32ஆம் விதிப்படி அது பேச்சுவார்த்தைக்கு வருபவரின் கொடி. கூடவே எக்காளம் ஊதுபவரும் மொழிபெயர்ப்பாளரும் வரலாம் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. நடந்து வெளியேறும் பொதுமக்கள் அதைத் தூக்கிப் பிடிப்பது வேறு. தினமும் ஓடும் வண்டியில் நிரந்தரமாகக் கட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. அவசரப் பையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கட்டும், அவ்வளவுதான்.

சிங்கப்பூர்க் கொடி. பாதுகாப்புச் சின்னமாக அதற்கு எந்த மதிப்பும் இல்லை. 27ஆம் விதியின்கீழ் போகும் மருத்துவக் குழு மட்டும் செஞ்சிலுவைக் கொடியோடு தன் நாட்டுக் கொடியையும் ஏற்றலாம் என்கிறது 43ஆம் விதி. தனியார் குழு அதை வண்டியில் ஒட்டினால் "அரசு அனுப்பிய குழு" என்று தோன்றும். 2022ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் சட்டமும் கொடியின் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அந்த நாட்டுக் கொடியைச் சட்டையில் அச்சிட்டு இங்கே நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அணிந்து நிற்பதும் சிக்கல்தான்; வெளிநாட்டுச் சின்னங்களைப் பொதுவில் காட்சிப்படுத்த இங்கே தனிச் சட்டம் இருக்கிறது.

ஆரஞ்சு நிறத்தில் நீல முக்கோணம் குடிமைத் தற்காப்புக்கு உரியது. முனை மேலே நோக்கி, எந்த முனையும் ஆரஞ்சின் ஓரத்தைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. வெளிநாட்டுக் குழு அதை அணிய, போரிடும் தரப்பின் சம்மதமும் கட்டுப்பாடும் வேண்டும். அது முதலாம் கூடுதல் நெறிமுறையின் பகுதி, சிங்கப்பூர் அதில் உறுப்பு நாடல்ல. 1954 ஹேக் உடன்படிக்கையின் நீலக் கேடயம் கோயில், நூலகம், அருங்காட்சியகங்களுக்கு. பழைய கோயிலில் பொருளை அடுக்கிவைத்து நீலக் கேடயத்தைக் காட்டலாம் என்ற யோசனை வந்தால், வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சின்னமே இல்லாமல்

சில இடங்களில் நிவாரண ஊழியரைக் கடத்துவது தொழில். அங்கே வெள்ளை வண்டியும் சின்னமும் விலைச்சீட்டு. 2006 ஆகஸ்ட் 4ஆம் தேதி மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 பேரும் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பின் ஊழியர்கள். அனைவரும் இலங்கையர், பெரும்பாலோர் தமிழர். தங்கள் அலுவலக வளாகத்திலேயே, அமைப்பின் டி-சட்டையோடு கிடந்தார்கள். அருகில் வந்து கொல்பவனை எந்தச் சின்னமும் தடுப்பதில்லை. யாரைக் கொல்கிறோம் என்று தெரிந்தே வருகிறான்.

சின்னமில்லாமல் போவது என்றால் உள்ளூரில் எல்லாரும் ஓட்டும் மாதிரி பழைய கார், சாதாரண உடை, சிறு குழு, ஒவ்வொரு நாளும் வேறு நேரம். பலன்: தெருவில் கரைந்துபோவீர்கள். விலை: மேலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் இன்னொரு கார்தான். சோதனைச்சாவடியில் பெட்டி நிறைய மருந்தோடு பிடிபட்டால் கடத்தல்காரர். இரண்டுக்கும் நடுவே, ஊருக்குள் கழற்றி எல்லைக்கோட்டில் மாட்டும் வழக்கமும் உண்டு. நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை. காலையில் சின்னத்தோடு பார்த்த அதே வண்டியை மாலையில் சின்னமில்லாமல் பார்க்கும் காவலர், எதையோ மறைப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அறிவிப்பு: ஸ்டிக்கரைவிட முக்கியமானது

2025 மார்ச் 28ஆம் தேதி மியன்மார் நிலநடுக்கத்துக்குப்பின், ஏப்ரல் 1ஆம் தேதி இரவு, சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொருளோடு மண்டலே நோக்கிப் போன ஒன்பது வண்டிகள் ஷான் மாநிலத்தின் நவுங்சோ வட்டாரத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாயின. வண்டிகள் வருவது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை, நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, வானத்தை நோக்கிச் சுட்டோம் என்றது ராணுவம். நமக்கு அருகே, நம் குழுக்கள் போன அதே வாரத்தில் நடந்தது இது. நிவாரணம் நிலநடுக்கத்துக்கானது என்றாலும் நிலம் போர் நிலம்.

அறிவிப்பு என்பது போரிடும் எல்லாத் தரப்புக்கும் பயணத்தை முன்கூட்டித் தெரிவிப்பது, பெரும்பாலும் ஐநாவின் மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் வழியாக. வண்டி எண், நிறம், மாதிரி, கூரைச் சின்னத்தின் படம், ஓட்டுநர் பெயர், புறப்படும் நேரம், நிற்கும் இடங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் இடக்குறிப்பின் எண்களில். 12.30 என்று எழுதியதை ஒருவர் 12 பாகை (டிகிரி) 30 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று படித்தால், அவருக்கு அது 12.50, வேறுபாடு 0.2 பாகை, வடக்கு தெற்காக 22 கிலோமீட்டர். தசமப் பாகையில் ஐந்து தசம இடம் வரை எழுதி, அட்சம் முதலில் தீர்க்கம் பின்னால் என்று சொல்லாலும் குறிப்பிட்டு, அதோடு ஊர்ப்பெயரையும் வரைபடத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பிவிட்டோம் என்பது போதாது, "கிடைத்தது" என்ற பதில் வேண்டும். அதுவும் போதாமல் போகலாம். 2015 அக்டோபர் 3ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்களின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் சுட்டதில் 42 பேர் இறந்தார்கள். கூரையில் அமைப்பின் கொடிகள் இருந்தன, இடக்குறிப்பும் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. தாக்கக்கூடாத இடங்களின் பட்டியல் அந்த விமானத்துக்குப் போய்ச்சேரவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் செய்வது

உணவும் தார்ப்பாயும் கொண்டுபோகும் குழு, விமானத் தாக்குதல்தான் முதன்மை ஆபத்து என்றால்: வெள்ளை வண்டி, சொந்தச் சின்னம், அறிவிப்பு, பகல் பயணம் மட்டும். கடத்தல்தான் முதன்மை ஆபத்து என்றால்: சின்னம் வேண்டாம், வெளிநாட்டவரும் வேண்டாம், பணத்தையும் பொருளையும் உள்ளூர்ப் பங்காளியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வராமலிருப்பதே நல்லது, நன்கொடையாளருக்குப் படம் கிடைக்காது என்றாலும். மருத்துவக் குழு என்றால் மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்று கிடைக்கும் வரை புறப்பட வேண்டாம். இரு ஆபத்தும் சமமாக இருக்கும் இடத்துக்கு சிறு குழு போகக்கூடாது என்பது எங்கள் கருத்து.

சின்னம் ஒட்டுவதென்றால் வண்டிக்கு ஐந்து: கூரை, முன்மூடி, இரு கதவு, பின்புறம். அவற்றோடு துப்பாக்கியின் மேல் சிவப்புக் கோடு போட்ட "ஆயுதம் இல்லை" வட்டம், கதவுக்கு ஒன்று. ஆயுதக் காவலோடு ஒருநாள் போனாலும் அந்த வட்டம் பொய்யாகிவிடும். பெயரின் எழுத்து உயரம் 100 மீட்டரில் படிக்கக் குறைந்தது 15 சென்டிமீட்டர், அதை இரட்டிப்பாக்குங்கள். பர்மிய எழுத்தில் வட்டத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் பொருளே இருக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் பெரிதாக. பளபளப்பு வேண்டாம், மங்கிய பரப்பே நல்லது. உச்சிவெயிலில் பளபளக்கும் கூரை வெறும் ஒளிக்கீற்றாகிவிடும். கூரையின் மேடு பள்ளத்தில் மலிவான வினைல் இரண்டே நாளில் எழும்பும், வளைந்து படியும் வார்ப்பு வினைல் கேளுங்கள். காந்த ஸ்டிக்கர் அலுமினியத்தில் ஒட்டாது, வேகத்தில் பறக்கும், திருடவும் எளிது.

துணிக்கொடி காற்றில்லாத இடத்தில் கந்தலாகத் தொங்கும், நெடுஞ்சாலையில் ஓரம் கிழியும். பின்புறக் கம்பத்தில் 3 மில்லிமீட்டர் கூட்டு அலுமினியத் தகட்டில் இருபக்கமும் அச்சிட்ட விறைப்பான கொடி நிற்கும். வானொலி அலைவாங்கியில் கொடியைக் கட்டாதீர்கள். அலைவாங்கியின் இசைவு கெடும், பிறகு ஒடியும். ஓட்டுநரின் கண்ணாடியில் இருக்கும் தலைவர் படம், மத வாசகம், கட்சி நிற ரிப்பன் எல்லாம் மரியாதையாகக் கேட்டு எடுக்கப்பட வேண்டும். தினமும் காலையில் கூரையைத் துடைக்க ஒரு துணி, 2 லிட்டர் தண்ணீர். சேறு பூசிய வண்டி மறைந்து வரும் வண்டியாகத் தெரியும்.

மேலங்கியில் பைகள் வேண்டாம். பல பை வைத்த மேலங்கி தூரத்தில் தோட்டாக் கச்சை. உள்புறத்தில் வரிசை எண் தைத்து, கொடுத்ததும் வாங்கியதும் பதிவேட்டில் இருக்கட்டும். ஒன்று தொலைந்தால் அன்றே பங்காளிக்கும் ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கும் எண்ணோடு தெரிவியுங்கள்.

வாடகை வண்டியைத் திருப்பித் தரும் நாளில் அரை நாள் ஒதுக்குங்கள். வெயிலில் வெந்த வினைல் தானாக உரியாது: வெந்நீரோ சூட்டுக் காற்றோ காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்து, மிஞ்சிய பசையை மதுசாரத்தால் துடைக்க வேண்டும். ஸ்டிக்கர் போனபின்னும் வெளுக்காத தகரத்தில் அதன் நிழல் நிற்கும். அதை மெருகேற்றியோ மேலே பூச்சடித்தோ அழித்து, நான்கு பக்கமும் கூரையும் படமெடுத்து, தேதியோடு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த வண்டியை யார் எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது.